போனஸ் வெள்ளிக்கிழமை முடியுதாம், பாயின்ட்ஸ் எல்லாத்தையும் மைல்ஸா மாத்திடலாமா?

வாசகி கேள்வி: தம்பி வணக்கம். எனக்கு 52 வயசு. வீட்டுக்காரர் கிரெடிட் கார்டுல ஏழெட்டு வருஷமா தொடாம சேர்ந்த பாயின்ட்ஸ் 2,60,000 இருக்கு. பையன் வெளிநாட்டுல படிக்கிறான், அடுத்த வருஷம் பட்டமளிப்பு, தேதி குடுத்துட்டாங்க. நான், அவர், 74 வயசு மாமியார், மூணு பேரும் போகணும். இப்போ பேங்க்லேர்ந்து மெயில் வந்திருக்கு, ஒரு ஏர்லைனுக்கு பாயின்ட்ஸ மாத்தினா 25 சதவீதம் போனஸ், வெள்ளிக்கிழமையோட முடியுது. அந்த ஏர்லைன்ல என் பேர்ல ஒரு அக்கவுண்ட் எப்பவோ ஆரம்பிச்சது இருக்கு. மொத்தத்தையும் மாத்திடலாமா? கூட வேலை பாக்கறவங்க, பாயின்ட்ஸ எகானமிக்கு செலவு பண்றது வீண், பிசினஸ் கிளாஸ்தான் எடுக்கணும்னு வேற சொல்றாங்க. ஒண்ணும் புரியல. நாலே நாள்தான் இருக்கு, சீக்கிரம் பதில் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்க்கா. முதல்ல பையனுக்கு என் வாழ்த்து. ரெண்டாவது, நீங்க இத படிக்கிற வரைக்கும் அந்த பட்டன அமுக்காம இருக்கணும்னு வேண்டிக்கிறேன். மாத்தாதீங்க. மொத்தமாவும் வேணாம், பாதியும் வேணாம், இப்போதைக்கு ஒரு பாயின்ட் கூட நகர வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கார்டுல இருக்கிற பாயின்ட் வேற, ஏர்லைன் அக்கவுண்ட்ல இருக்கிற மைல் வேற. கார்டுல இருக்கிற வரைக்கும் அது எந்தப் பக்கம் வேணாலும் போகும், பத்து பன்னெண்டு ஏர்லைன்ல எதுக்கு வேணாலும் அனுப்பலாம், ஓட்டலுக்கு அனுப்பலாம், ஒண்ணும் சரிப்படலன்னா பில்லுல கழிச்சுக்கலாம். ஒரு தடவ ஏர்லைனுக்கு அனுப்பிட்டா அது அந்த ஏர்லைன் மைல்தான், திரும்ப கார்டுக்கு வராது, தெரியாம பண்ணிட்டேன்னு கஸ்டமர் கேர்ல அழுதாலும் பேங்க் கைய விரிச்சிடும், ஏன்னா அந்த நிமிஷமே பேங்க் அந்த மைல்ஸ ஏர்லைன்கிட்ட காசு குடுத்து வாங்கி உங்க பேர்ல போட்டு முடிச்சிடுது. நீங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணா கூட மைல்ஸ் ஏர்லைன் அக்கவுண்டுக்குதான் திரும்பும், கார்டுக்கு இல்ல.

இந்த வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு, டிக்கெட் போட்டுக் குடுக்கறதுல ஆரம்பிச்சு இப்போ பாயின்ட்ஸ் கணக்கு மட்டும் பாத்து சொல்றேன், ஆனா ஆரம்பத்துல நானே இதுல கைய சுட்டுக்கிட்டவன். எங்கப்பா அம்மாவுக்காக 90,000 பாயின்ட்ஸ், வெப்சைட்ல ரெண்டு சீட் இருக்குன்னு காட்டுதேன்னு நம்பி அனுப்பிட்டேன், மைல்ஸ் வந்து சேர மூணு நாள் ஆச்சு, வந்தப்புறம் புக் பண்ணப் போனா எரர், போன் பண்ணி கேட்டா அந்த சீட் உண்மையிலேயே இல்லவே இல்ல, சிஸ்டத்துல பழைய தகவல் ஒட்டிக்கிட்டு இருந்திருக்குன்னு சொன்னாங்க. வேற தேதி பாத்தேன், கிடைக்கல, அப்புறம் அவங்க உடம்பு நிலைமை மாறிப்போச்சு, பயணமே நடக்கல. மூணு வருஷம் கழிச்சு அந்த மைல்ஸ் எக்ஸ்பயர் ஆச்சு. அன்னிக்கு ஒரே ஒரு போன் கால் முதல்லயே பண்ணியிருந்தா போதும். அதனாலதான் இதுல நான் இவ்ளோ கண்டிப்பா பேசறேன், கோச்சுக்காதீங்க.

சரி, இப்போ அந்த 25 சதவீதம். போனஸ்னு கேட்டதும் ஏதோ இலவசமா கிடைக்குதுன்னு மனசு துடிக்கும், இயல்புதான். ஆனா போனஸ் எவ்ளோங்கறத விட உங்க மூணு பேரோட டிக்கெட்டுக்கு கடைசியில கையவிட்டு என்ன போகுதுங்கறதுதான் கணக்கு. ஒரு உதாரணம் போடறேன், எந்த நாட்டு காசா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். போக வர ஒரு ஆளுக்கு டிக்கெட் காசுக்கு வாங்கினா 900ன்னு வெச்சுக்கோங்க. போனஸ் குடுக்கிற ஏர்லைன்ல அதே பயணத்துக்கு 50,000 மைல்ஸ், அதுக்கு மேல வரி, சர்சார்ஜ் (ஏர்லைன் தனியா போடற கூடுதல் கட்டணம்)னு கையிலேர்ந்து 340 கட்டணும். போனஸே இல்லாத இன்னொரு ஏர்லைனோட மைல்ஸ் ப்ரோக்ராம்ல 42,000 மைல்ஸ், வரி வெறும் 60. இப்போ போனஸ் கணக்க சேத்துப் பாருங்க, 50,000 மைல்ஸுக்கு 40,000 பாயின்ட் அனுப்பினா போதும். மூணு பேருக்கு 1,20,000. இன்னொண்ணுல மூணு பேருக்கு 1,26,000. அடடா போனஸ்லதானே 6,000 பாயின்ட் மிச்சம்னு தோணும். ஆனா கையக்காசு? அங்க மூணு பேருக்கு 1,020, இங்க 180. ஆறாயிரம் பாயின்ட் மிச்சம் பிடிக்கப் போய் 840 காசு கூட கட்டறோம், அது கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் விலை!

இத எப்பவும் ஆயிரம் பாயின்ட்டுக்கு எவ்ளோன்னு பாத்துப் பழகுங்க. காசு விலையிலேர்ந்து நீங்க கட்டற வரிய கழிச்சிட்டு, செலவான பாயின்ட்டால வகுத்தா வந்துடும். போனஸ் ஏர்லைன்ல 900ல 340 போக 560, அத 40,000ஆல வகுத்தா ஆயிரம் பாயின்ட்டுக்கு 14. போனஸ் இல்லாட்டி 11 சொச்சம். இன்னொண்ணுல 840 வகுத்தல் 42,000, ஆயிரத்துக்கு 20. உங்க கார்டு ஆப்ல, பாயின்ட்ஸ பில்லுல கழிச்சுக்கற ஆப்ஷன்ல ஆயிரத்துக்கு 10 குடுக்கறாங்கன்னா, 20க்கு மாத்தறது நல்லது, 14க்கு மாத்தறது பரவாயில்ல, 11க்கு மாத்தறது தேவையில்லாத தலைவலி, ஏன்னா காசு குடுத்து வாங்கின டிக்கெட்ல தேதி இஷ்டத்துக்கு எடுக்கலாம், அந்தப் பயணத்துக்கு மைல்ஸும் சேரும், மைல்ஸ் குடுத்து எடுக்கற அவார்டு டிக்கெட்ல பொதுவா சேராது. நான் போட்ட நம்பர் எல்லாம் உதாரணம்தான், உங்க தேதிக்கு உங்க ரூட்டுக்கு நீங்களே பாத்து இதே மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிப் போடுங்க, பத்து நிமிஷ வேலை.

இந்த சர்சார்ஜ் விஷயம் நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ், எமிரேட்ஸ், லுஃப்தான்ஸா மாதிரி ஏர்லைன்கள் சொந்த மைல்ஸ்ல சொந்த ஃப்ளைட்ட எடுத்தா கூட எரிபொருள் சர்சார்ஜ்னு பெரிசா ஒரு தொகை கேக்கும். ஆனா அதே லுஃப்தான்ஸா ஃப்ளைட்ட ஏர் கனடாவோட ஏரோப்ளான் பாயின்ட்ஸ்லயோ யுனைடெட்டோட மைலேஜ்ப்ளஸ்லயோ எடுத்தா அந்த சர்சார்ஜ் கிடையாது, ஏர்போர்ட் வரியும், சில சமயம் சின்னதா ஒரு புக்கிங் கட்டணமும்தான், ஏரோப்ளான் 2020ல புது திட்டம் கொண்டு வந்தப்போ அத தூக்கிட்டாங்க. அதே விமானம், அதே சீட், ஆனா எந்த ப்ரோக்ராம் வழியா போறோம்ங்கறதுல பில் மாறுது. மூணுமே ஸ்டார் அலையன்ஸ்ல இருக்கறதாலதான் இது முடியுது. இந்த மாதிரி பெரிய கூட்டணி மூணு இருக்கு, ஸ்டார் அலையன்ஸ் 1997, ஒன்வேர்ல்டு 1999, ஸ்கைடீம் 2000. ஒரு கூட்டணிக்குள்ள ஒருத்தரோட மைல்ஸ்ல இன்னொருத்தரோட ஃப்ளைட்ல போகலாம். ஆகவே உங்க கார்டு எந்த ஏர்லைனுக்கு பாயின்ட் அனுப்புதோ அந்த ஏர்லைன் பையன் இருக்கிற ஊருக்கு பறக்கலன்னாலும் பரவாயில்ல, அதோட கூட்டாளி பறந்தா போதும். கூட்டணியும் நிரந்தரம் இல்ல, ஸ்காண்டிநேவியாவோட எஸ்ஏஎஸ், ஸ்டார் அலையன்ஸ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 2024 செப்டம்பர்ல ஸ்கைடீமுக்கு போயிட்டாங்க. அந்த ஏர்லைன நம்பி வேற ஸ்டார் அலையன்ஸ் ப்ரோக்ராம்ல மைல்ஸ் குவிச்சு வெச்சிருந்தவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

அவியோஸ்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர், ஏர் லிங்கஸ் எல்லாருக்கும் அது பொது நாணயம் மாதிரி, உங்க பேர்லயே ரெண்டு இடத்துலயும் அக்கவுண்ட் இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு செலவில்லாம மாத்திக்கலாம். போனஸ் வந்திருக்கறது அவியோஸ் குடும்பத்துல ஒண்ணுக்குன்னா கொஞ்சம் ஆறுதல், ஒரு இடத்துல சீட் இல்லன்னா இன்னொரு இடத்துல பாக்கலாம். நீங்க எந்த ஏர்லைன்னு எழுதல, அதனால ரெண்டு பக்கமும் சொல்லி வெக்கறேன்.

அடுத்து நீங்க கேக்காத ஒரு கேள்வி, ஆனா எனக்கு இதுதான் பெரிசா தெரிஞ்சுது. பாயின்ட்ஸ் வீட்டுக்காரர் கார்டுல, ஏர்லைன் அக்கவுண்ட் உங்க பேர்ல. இது ஒத்து வராது அக்கா. பெரும்பாலான பேங்க் கார்டுக்காரர் பேர்ல இருக்கிற ஏர்லைன் அக்கவுண்டுக்கு மட்டும்தான் அனுப்பும், சில இடத்துல கூடுதல் கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கு விடுவாங்க. பேர் பொருந்தலன்னா ட்ரான்ஸ்ஃபர் தொங்கிடும், இல்ல சந்தேகப்பட்டு அக்கவுண்ட்டையே பூட்டிடுவாங்க, அத திறக்க வாரக்கணக்கா மெயில் போட்டுட்டு இருக்கணும். அதனால இன்னிக்கே அவர் பேர்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சிடுங்க, காசு கிடையாது, அஞ்சு நிமிஷம். ஒரு ஏர்லைன்ல மட்டும் இல்ல, உங்க கார்டு லிஸ்ட்ல இருக்கிறதுல உங்க ரூட்டுக்கு உதவற மூணு நாலுலயும் ஆரம்பிங்க, சில இடத்துல புது அக்கவுண்ட்னா கொஞ்ச நாள் காக்க வெப்பாங்க, அந்த நாள் இப்பவே ஓடிடட்டும். பேர பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி எழுத்துக்கு எழுத்து போடுங்க. கார்டுல வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்ல முழுப்பேர், ஏர்லைன்ல முன்னது பின்னதா மாறி, இப்படி மூணு விதமா இருந்து மாட்டிக்கிட்டவங்க என்கிட்ட வந்திருக்காங்க, முதல்ல பேங்க்ல போய் பேர சரி பண்ணிக்கிட்டு வாங்கன்னுதான் அனுப்பினேன்.

அவர் அக்கவுண்ட்ல மைல்ஸ் இருந்தா உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் போட முடியுமான்னு கேப்பீங்க. முடியும், முக்கால்வாசி ப்ரோக்ராம்ல யாருக்கு வேணா போடலாம். சிலதுல கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட க்ரிஸ்ஃப்ளையர்ல மத்தவங்களுக்கு எடுக்கணும்னா முன்னாடியே நாமினியா சேர்க்கணும், அஞ்சு பேர் வரைக்கும். ஜப்பானோட ஏஎன்ஏ ஏர்லைன்ல நெருங்கின சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான், நீங்க மூணு பேரும் அதுல அடங்கிடுவீங்க. ஆனா மைல்ஸ அவர் அக்கவுண்ட்லேர்ந்து உங்க அக்கவுண்டுக்கு தள்ளலாம்னு நினைக்காதீங்க, அதுக்கு பல இடத்துல கட்டணம் வாங்குவாங்க, அது மைல்ஸ் மதிப்பையே தின்னுடும்.

கார்டுல பாயின்ட்ஸ் கிடந்தா வீணாப் போயிடுமோ, மைல்ஸா மாத்தி வெச்சா பத்திரம்னு ஒரு பயம் உங்க கடிதத்துல தெரிஞ்சுது. நிலவரம் பெரும்பாலும் தலைகீழ். நிறைய கார்டுல அக்கவுண்ட் உயிரோட இருக்கிற வரைக்கும் பாயின்ட்ஸ் அப்படியே இருக்கும், உங்களோடது ஏழெட்டு வருஷமா இருக்குன்னா அந்த வகையாத்தான் இருக்கணும், இருந்தாலும் ஸ்டேட்மென்ட்ல ஒரு தடவ பாத்துடுங்க, அந்த கார்ட மட்டும் க்ளோஸ் பண்ணிடாதீங்க, பண்ணா பாயின்ட்ஸும் கூடவே போயிடலாம். மைல்ஸுக்கு கெடு இருக்கு. க்ரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் 36 மாசம், நீங்க நடுவுல என்ன பண்ணாலும் அந்த தேதி வந்தா போச்சு, காசு கட்டி ஆறு மாசம் நீட்டலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவியோஸும் 36 மாசம், ஆனா அது அக்கவுண்ட்ல அசைவே இல்லாம கிடந்தாதான், நடுவுல கொஞ்சம் சேர்ந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும். ஏர் ஃபிரான்ஸ் கேஎல்எம்மோட ஃப்ளையிங் ப்ளூ 24 மாசம், ஏரோப்ளான் அசைவில்லாம கிடந்தா 18 மாசம். டெல்டா, யுனைடெட் ரெண்டுலயும் கெடு இல்ல.

கெடுவ விட பெரிய ஆபத்து, மைல்ஸோட மதிப்பு கரையறது. மைல்ஸ்ங்கறது ஏர்லைன் தானே அச்சடிக்கிற நோட்டு அக்கா. 1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ்னு ஆரம்பிச்சப்போ பறந்தாதான் மைல், வாடிக்கையாளர் வேற ஏர்லைனுக்கு ஓடாம இருக்கத்தான் அத கொண்டு வந்தாங்க. இன்னிக்கு பேங்குக்கு மைல்ஸ விக்கிறதே தனி வியாபாரம். கொரோனா சமயத்துல விமானம் எல்லாம் தரையில நின்னப்போ யுனைடெட் தன்னோட மைலேஜ்ப்ளஸ அடமானம் வெச்சு 680 கோடி டாலர் திரட்டிச்சு, டெல்டா ஸ்கைமைல்ஸ வெச்சு 900 கோடி டாலர். அவ்ளோ பணம் பொரட்டற சரக்க எவ்ளோ அச்சடிக்கறதுன்னு முடிவு பண்றதும் அவங்கதான், அதுக்கு எத்தன சீட் குடுக்கறதுன்னு முடிவு பண்றதும் அவங்கதான். முன்னெல்லாம் இந்த ஊருக்கு இத்தன மைல்னு ஒரு அட்டவணை இருக்கும், அத பாத்து பல வருஷம் சேர்க்கலாம். டெல்டா அத 2015ல எடுத்துட்டாங்க, யுனைடெட் 2019ல. இப்போ அங்க டிக்கெட் விலை மாதிரி மைல் விலையும் தினம் ஏறி இறங்குது. இன்னிக்கு 50,000ங்கறது நாளைக்கு 65,000 ஆனா நீங்க யாரையும் கேக்க முடியாது. ஏர்லைனே படுத்துட்டாலோ கேக்கவே வேணாம், 2001ல ஆஸ்திரேலியாவோட ஆன்செட் மூடினப்போ மைல்ஸ் வெச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல, 2017ல ஏர் பெர்லின் விழுந்தப்போ அதோட டாப்போனஸ் ப்ரோக்ராமும் திவாலாச்சு, மைல்ஸ் முடங்கிப்போச்சு. கார்டுல பாயின்ட்டா வெச்சிருந்தவங்க அந்த வாரம் வேற ஏர்லைனுக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருந்திருப்பாங்க. பேங்கும் தன்னோட பார்ட்னர் ஏர்லைன மாத்தும், விகிதத்த குறைக்கும், அது இல்லன்னு சொல்லல, ஆனா ஒரு பார்ட்னர் போனா மத்தது இருக்கும்.

நீங்க மொத்தம் 2,60,000ஐயும் அனுப்பினா போனஸோட 3,25,000 மைல்ஸ். என் உதாரணத்துல மூணு பேருக்கு 1,50,000 போகும். மிச்சம் 1,75,000 மைல்ஸ் ஒரே ஏர்லைன்ல மாட்டிக்கிட்டு அடுத்த பயணம் எப்போன்னு தெரியாம கிடக்கும். அதுக்கு பதிலா தேவையான அளவு மட்டும் போனா, மிச்சம் கார்டுலயே எதுக்கும் தயாரா இருக்கும்.

அப்போ இந்த நாலு நாள்ல என்ன பண்றது. முதல்ல தேதி. ஏர்லைன்கள் சுமார் 330லேர்ந்து 360 நாள் முன்னாடிதான் சீட்ட திறக்கும், பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 355 நாள். உங்க பட்டமளிப்பு தேதி அந்த எல்லைக்குள்ள வந்துடுச்சான்னு காலண்டர்ல எண்ணுங்க. இன்னும் திறக்கவே இல்லன்னா வெள்ளிக்கிழமை போனஸ் உங்களுக்கு உதவவே உதவாது, விட்டுடுங்க, அத நினைச்சு தூக்கம் கெடுத்துக்காதீங்க. போறது திறந்து வர்றது திறக்கலன்னா ஒரு வழி மட்டும் புக் பண்ணலாம், பெரும்பாலான ப்ரோக்ராம் ஒரு வழிய பாதி மைல்ஸுக்கு குடுக்கும், வர்றதுக்கு அப்புறம் வேற ப்ரோக்ராம்ல கூட எடுத்துக்கலாம்.

தேதி திறந்திருந்தா வெப்சைட்ல மூணு பேர்னு போட்டுத் தேடுங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணுன்னு போட்டுத் தேடுங்க. இது முக்கியம், ஏன்னா குறைஞ்ச விலையில ரெண்டே சீட் மிச்சம் இருந்தா, மூணு பேர்னு தேடறப்போ இல்லன்னு சொல்லும், இல்லாட்டி மூணு பேருக்கும் கூடுதல் விலைய காட்டும். ரெண்டுதான் இருக்குன்னா ரெண்ட மைல்ஸ்லயும் ஒண்ண காசுக்கும் ஒரே ஃப்ளைட்ல எடுக்கறது எத்தனையோ குடும்பத்துக்கு நான் பண்ணிக் குடுத்த வழி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பட்டமளிப்புக்கு முதல் நாள் போய் இறங்கற மாதிரி மட்டும் எடுக்காதீங்க, மூணு நாளாவது முன்னாடி போங்க, மாமியாருக்கும் ஓய்வு வேணும், நடு வாரத்துல சீட்டும் கொஞ்சம் சுலபமா கிடைக்கும்.

சீட் கண்ணுல பட்டாச்சா, உடனே அனுப்பாதீங்க. அந்த ப்ரோக்ராமுக்கு போன் போடுங்க. இந்த தேதி, இந்த ஃப்ளைட் நம்பர், மூணு பேர், உங்க சிஸ்டத்துல நிஜமா தெரியுதா, மைல்ஸ் எத்தன, வரி எவ்ளோன்னு கேளுங்க. பார்ட்னர் ஃப்ளைட், அதாவது கூட்டாளி ஏர்லைனோட ஃப்ளைட்னா இத கட்டாயம் பண்ணணும், என் 90,000 போன கதை அங்கதான் நடந்துச்சு. மைல்ஸ் வர்ற வரைக்கும் சீட்ட பிடிச்சு வெக்க முடியுமான்னும் கேளுங்க, சில ப்ரோக்ராம்ல ஃபோன்ல கேட்டா ரெண்டு மூணு நாள் வெப்பாங்க, எல்லாரும் செய்ய மாட்டாங்க, கேக்கறதுல நஷ்டம் இல்ல. ட்ரான்ஸ்ஃபர் சிலதுக்கு நிமிஷத்துல போயிடும், சிலதுக்கு நாள் கணக்கு, அந்த நேரத்துல சீட்ட வேற யாராவது எடுத்துடலாம். வெயிட்லிஸ்ட்ல போடறோம்னு சொன்னா அத நம்பி பாயின்ட்ஸ அனுப்பாதீங்க, வெயிட்லிஸ்ட் சீட் ஆகாது.

எல்லாம் சரின்னு தெரிஞ்சா, அப்போ அனுப்புங்க, அதுவும் முதல்ல குறைஞ்சபட்ச அளவு, பெரும்பாலும் 1,000 பாயின்ட், அது சரியான அக்கவுண்ட்ல போய் விழுதான்னு பாத்துட்டு மீதிய அனுப்புங்க. விகிதத்தையும் பாத்துக்கோங்க, எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல், மூணுக்கு ஒண்ணுன்னும் இருக்கு, போனஸ் போர்டு போட்டுட்டு விகிதம் ரெண்டுக்கு ஒண்ணா இருந்தா அந்த 25 சதவீதத்துக்கு அர்த்தம் என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். இத்தனையும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா, கணக்குலயும் அந்த ஏர்லைன்தான் ஜெயிச்சா, போனஸ சந்தோஷமா வாங்கிக்கோங்க. முடியலன்னா போகட்டும். இந்த மாதிரி போனஸ் ஒரு ஏர்லைனுக்கு இல்லன்னா இன்னொண்ணுக்குன்னு வந்துட்டேதான் இருக்கும், பயண நாளுக்குள்ள இன்னொண்ணு வர நல்ல வாய்ப்பு இருக்கு.

பிசினஸ் கிளாஸ்தான் எடுக்கணும்னு சொன்னவங்கள பத்தி. அவங்க சொல்றதுல கணக்குப்படி உண்மை இருக்கு, ஆயிரம் பாயின்ட்டுக்கு எவ்ளோன்னு பாத்தா பிசினஸ்ல நம்பர் பெரிசா வரும், ஏன்னா அதோட காசு விலை அவ்ளோ பெரிசு. ஆனா நீங்க காசு குடுத்து அந்த சீட்ட வாங்கியே இருக்க மாட்டீங்கன்னா அந்த பெரிய நம்பர் உங்க வீட்டுக்கு மிச்சமான பணம் கிடையாது. உங்களுக்கு வேண்டியது மூணு பேர் ஒரே நாள்ல ஒண்ணா போய் பையன் மேடையேறறத பாக்கறது. அது எகானமில நடந்தா அதுவே நல்ல செலவு, வீண்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு யோசிக்கலாம், 74 வயசுல அவ்ளோ நேரம் கால மடக்கி உக்காரறது கஷ்டம், என் உதாரணம் மாதிரி பாதி பாயின்ட்ஸ் மிஞ்சினா மாமியாருக்கும் கூட ஒருத்தருக்கும் போற வழி மட்டும் படுக்கற சீட் எடுக்க முடியுமான்னு பாருங்க. அவங்கள தனியா முன்னாடி உக்கார வெக்கறதுல எனக்கு சம்மதம் இல்ல, ராத்திரி தண்ணி கேக்கணும்னா கூட தயங்குவாங்க. அவங்ககிட்டயே கேளுங்க, உங்க பக்கத்துல எகானமியே போதும்னு சொன்னா அதுதான் முடிவு.

இன்னும் ரெண்டு விஷயம், சுருக்கமா. பாயின்ட் குறையுதேன்னு கார்டுல தேவையில்லாம செலவு பண்ணாதீங்க, பில்ல முழுசா கட்டாம வட்டி ஓட விட்டீங்கன்னா எந்த மைலும் அத ஈடு கட்டாது. யாராவது மைல்ஸ குறைஞ்ச விலைக்கு விக்கிறேன், உங்க லாகின் குடுங்க, நான் டிக்கெட் போட்டுத் தரேன்னு வந்தா பக்கத்துலயே சேர்க்காதீங்க, ஏர்லைன் கண்டுபிடிச்சா டிக்கெட்டும் கேன்சல், அக்கவுண்டும் மூடல், பட்டமளிப்புக்கு ஒரு வாரம் முன்னாடி அது நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

புக் ஆனதும் கேன்சல் கட்டணம் எவ்ளோ, தேதி மாத்தினா என்னன்னு அந்த மெயில்ல பாத்து எழுதி வெச்சுக்கோங்க. பார்ட்னர் ஏர்லைன்ல போறீங்கன்னா அவங்ககிட்ட உங்க டிக்கெட்டுக்கு தனியா ஒரு புக்கிங் நம்பர் இருக்கும், மைல்ஸ் எடுத்த ப்ரோக்ராம்கிட்ட கேட்டு அத வாங்குங்க, அத வெச்சு பறக்கப்போற ஏர்லைன்ல நேரா போன் பண்ணி மூணு சீட்டும் பக்கத்து பக்கத்துல போட்டு, மாமியாருக்கு நடைபாதை ஓர சீட்டும் வீல்சேரும் சொல்லி வெச்சிடுங்க, வீல்சேருக்கு காசு கிடையாது. நடுவுல விமானம் மாறற ஊர்லயும் வீல்சேர் வேணும்னு தனியா சொல்லுங்க, ரெண்டு ஃப்ளைட்டுக்கும் பதிவாச்சான்னு கேட்டு உறுதி பண்ணிட்டு போன வைங்க.